திரையின் மூலையில் நான்

பிற்பகல் டீ இடைவேளையில் எங்கள் கம்பெனி கேட்டை ஒட்டிய லாக்கர் அறை, கொஞ்ச நேரத்துக்குக் குளத்தின் அடிப்பகுதி மாதிரி ஆகிவிடும். கூரையில் பச்சை நிறத் தகடு போட்டிருக்கிறார்கள். வெயில் அதன் வழியாக இறங்கிச் சுவரிலும் முகங்களிலும் பச்சையாகப் படியும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்புக் கதவுகள். உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் காலையில் அதை அங்கே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உற்பத்தி லைனுக்குப் போவோம். இடைவேளை விட்டதும் பெண்கள் ஓடி வந்து கதவைத் திறப்பார்கள். ஒரு கையில் பேப்பர் கப், இன்னொரு கையில் வடை, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததா, மாமியார் மாத்திரை போட்டாரா, கேஸ் வந்ததா என்று எல்லாவற்றையும் தின்றுகொண்டே விசாரித்து முடித்துவிடுவார்கள்.

என்னால் அப்படி முடியாது. எனக்குக் காது கேட்காது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வந்த ஒரு காய்ச்சல் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன் கற்ற தமிழ் என்னிடம் இருக்கிறது. அதில்தான் படிக்கிறேன், எழுதுகிறேன். பேசுவது மட்டும் கையால். அதனால் போனைத் தோளில் இடுக்குகிற வேலையெல்லாம் எனக்கு இல்லை. லாக்கர் விளிம்பில் தண்ணீர் பாட்டிலை வைத்து, அதில் போனைச் சாய்த்து நிறுத்தி, இரண்டடி பின்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் காலியாக்கிக்கொண்ட பிறகுதான் என் வாயே திறக்கும். டீயும் வடையும் பெரும்பாலான நாட்களில் கிடையாது.

எதிர்முனையில் என் கணவர். கம்பெனிகளுக்குப் பஸ் விடும் ஒரு டிராவல்ஸில், ஒரகடம் ஜங்ஷனுக்குப் பக்கத்துப் பஸ் ஷெட்டில் அவருக்கு வேலை. எந்தப் பஸ் எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் எந்த ஷிப்ட் ஆட்களை ஏற்றினார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மதியம் கிளம்பிப் போனால், கடைசிப் பஸ்ஸும் கிளம்பிய பிறகுதான் வீடு. நான் காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற ஷிப்ட். அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். படப்பையில் ஒரு மாடி வீடு, ஒரே படுக்கை, ஆனால் வாரம் முழுக்க ஒருவர் தூங்குவதை இன்னொருவர் பார்க்கிற கல்யாணம். என் நாத்தனார் சும்மா இருக்க மாட்டாள். "ஆளுக்கொரு நேரத்துல படுத்துக்கினா தொட்டில் எங்கேர்ந்து கட்றது?" என்று நான் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். கோபம் வரும்.

ஆகவே அந்த டீ இடைவேளைதான் வார நாட்களில் எங்கள் குடித்தனம். பத்து நிமிஷம். அதிலும் லைனிலிருந்து கேட் வரை நடந்து வருகிற நேரம் போய்விடும். மிச்சமிருப்பதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

இரண்டாம் ஷிப்டுக்கு என்னை மாற்றச் சொல்லிப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதியம் போய் இரவு திரும்புகிற ஷிப்ட். அது கிடைத்தால் இருவரும் ஒரே நேரம் போய் ஒரே நேரம் வரலாம், காலை முழுக்க எங்களுடையதாக இருக்கும். சூப்பர்வைசர் ஒவ்வொரு முறையும் தலையைச் சொறிவார். "நைட்ல பஸ்ல எதுனா ஆச்சுன்னா உனுக்கு இன்னா தெரியும்மா?" என்பார். காது கேட்கிறவர்கள் பஸ்ஸில் இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு வாயைப் பிளந்து தூங்குகிறார்கள், அவர்களுக்கு மட்டும் என்ன தெரியும் என்று எழுதிக் காட்டினேன். சிரித்தார். இடம் மட்டும் வரவில்லை.

இந்த நிலையில் எங்களுக்கு வாய்த்த வில்லன் அவருடைய போன். பஸ்களின் வரைபடமும் அதில்தான், டிரைவர்கள் கூப்பிடுவதும் அதில்தான், நானும் அதில்தான். நான் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு டிரைவர் கூப்பிட்டால், அவர் படம் அப்படியே நின்றுவிடும். வரைபடத்தைப் பார்க்க ஒரு நொடி போனாலும் நின்றுவிடும். காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றால் ஒன்றும் இல்லை, குரல் வந்துகொண்டிருக்கும். 'சொல்லு, சொல்லு, நான் இங்கதான் இருக்கேன்' என்று சொல்லிவிடலாம். எனக்குப் படம் நின்றால் ஆளே எழுந்து போன மாதிரி. வாக்கியத்தின் பாதியில், கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருப்பேன்.

அவர் நின்றுபோன முகங்களையெல்லாம் நான் போனில் பிடித்து வைத்திருந்தேன். தும்மப் போகிற முகம் ஒன்று. ஒரு கண் மூடி ஒரு கண் திறந்த முகம் ஒன்று. கோயில் வாசல் பூதம் மாதிரி நாக்கு லேசாக வெளியே வந்த முகம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவற்றை வரிசையாகக் காட்டி, இவற்றில் எந்த ஆளை நான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று கேட்பேன்.

என் போன் மட்டும் ஒழுங்கா? அதுவும் அவருடையதற்குத் தங்கைதான். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேலிருந்து ஏதாவது ஒரு செய்தி தொப்பென்று விழும். லைன் குரூப்பில் யாரோ மாலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ அனுப்பியிருப்பார்கள். அந்த ரோஜாப்பூ நேராக அவர் நெற்றியில் வந்து உட்காரும். கைப்பேச்சில் கேள்வியா பதிலா என்பதைப் புருவம்தான் சொல்லும். புருவத்தை மறைத்துவிட்டால், சாப்பிட்டாயா என்று கேட்கிறாரா, சாப்பிட்டேன் என்று சொல்கிறாரா, எனக்கு எப்படித் தெரியும்? அந்த ரோஜாப்பூவை அனுப்பியவளை மறுநாள் லைனில் பார்த்து முறைப்பேன். அவளுக்குக் காரணம் தெரியாது, பாவம். அப்டேட் செய் என்று போனே நச்சரிக்கும். செய்தால் இன்னும் மெதுவாக நடக்கும். செய்யாவிட்டால் நச்சரிப்பு நிற்காது.

ஒரு நாள் கடைசியில் படப்பைக் கடைத்தெருவில் இருக்கும் போன் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் பேசுவதை எழுத்தாகக் காட்டுகிற ஒரு ஆப் என் போனில் உண்டு. வட்டம் சுற்றிச் சுற்றி அது திறப்பதற்குள் அவர் பாதிப் பேச்சை முடித்துவிட்டார். மீதி மட்டும் திரையில் வந்தது. "அதுவும் இன்னா பண்ணும்கா? ரெண்டு வேலை ஒண்ணா குட்த்தா மூச்சு முட்டுது அதுக்கு. மெமரி பத்தல. புச்சா ஒரு டேப் எடுத்துக்க. மேப்பு ஒரு பக்கம், வீடியோ கால் ஒரு பக்கம், சும்மா ஜம்முனு ஓடும்." பிறகு ஒரு புது டேப்லெட்டை எடுத்து, ஒரு திரையிலேயே இரண்டு மூன்று வேலைகளை ஓட விட்டுக் காட்டினார். ஒரு மூலையில் யாரோ ஒரு பெண் நடனமாடிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஒரு கணக்குப் போடும் பலகை, மேலே வானிலை. என் கணவர் அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

விலையைக் கேட்டதும் இருவரும் வெளியே வந்துவிட்டோம். அவர் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தார். இருக்கிற போன் நன்றாகத்தானே ஓடுகிறது என்று பதில் வந்ததாம். மாதத் தவணையில் எடுக்கலாம், தவணையை ஞாயிற்றுக்கிழமை ஓடி பார்த்து அடைக்கலாம் என்று அவர் சொன்னார். எங்கள் பக்கம் எந்தச் செலவுக்கும் ஓடிதான் பதில். கூடுதல் நேர வேலை என்று முழுப் பெயர் சொல்கிறவர் யாரும் இல்லை. வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தால் அது யாருடைய ஓடி என்று கேட்பார்கள். நானும் பார்க்கிறேன், சீக்கிரம் அடைத்துவிடலாம் என்றேன். அந்த நேரத்தில் புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது.

எங்கள் ஞாயிறு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு, தரையைத் துடைத்து ஈரம் காய்வதற்குள் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வோம். பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர்கள் கையால் எப்படிப் பேசுவது? கைகளை மேலே தூக்கி, கூரையைப் பார்த்துப் பேசுவோம். மின்விசிறிக்குக் கீழே, வெள்ளைச் சுண்ணாம்புக்கு முன்னால், நான்கு கைகள். முகம் தெரியாததால் புருவம் உதவாது. அதனால் கேள்வி கேட்கும்போது காலால் காலை இடிக்க வேண்டும் என்று நாங்களே ஒரு சட்டம் வைத்திருந்தோம். அவர் மண்ணூர்க்காரர். கைப்பேச்சைக் கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டவர். ஆனாலும் வயலுக்கு அந்தக் கரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கையை வீசுவார். படுத்துக்கொண்டே அவர் பேசும்போது என் மூக்கில் இடி விழாத வாரம் கிடையாது. பேசிக்கொண்டே இருப்போம், ஒரு கட்டத்தில் ஒருவர் கை மெல்லத் தாழ்ந்து நெஞ்சில் வந்து படுத்துவிடும். தூங்கிவிட்டார் என்று தெரியும். மற்றவர் இன்னும் கொஞ்ச நேரம் தனியாகக் கூரையிடம் பேசிக்கொண்டிருப்பார். வெயில் சன்னல் கம்பியில் நகர்ந்துகொண்டே போகும். எதிர் மனையில் புது வீட்டுக்குக் கொட்டிய மணலில் நாய் ஒன்று குழி பறித்துப் படுத்திருக்கும்.

அந்த ஞாயிறுகளைத்தான் ஒவ்வொன்றாகக் கடையில் கொடுத்தோம்.

டேப்லெட் வந்தது. அதோடு தனியாக ஒரு சார்ஜரும் வந்தது, ஏனென்றால் பெட்டிக்குள் சார்ஜர் கிடையாதாம். இத்தனை விலைக்குச் சார்ஜர் இல்லாமல் விற்பது, இட்லியை விற்றுவிட்டுச் சட்னிக்குத் தனிக் காசு கேட்பது மாதிரி. மேலே ஒட்டக் கண்ணாடி தனி, உறை தனி, நிறுத்தி வைக்கத் தாங்கி தனி. பிறந்த குழந்தைக்குச் சட்டை துணி வாங்கி முடிப்பதற்குள் பிரசவச் செலவே பரவாயில்லை என்று ஆகிற கதைதான். வீட்டுக்கு வந்ததும் புது வண்டிக்கு வைப்பதுபோல அதன் முதுகில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவர் பதறி, ஓட்டைக்குள் போய்விடும் என்று துடைத்தார்.

அன்று அவர் எனக்கு வித்தை காட்டினார். என் போனிலிருந்து கூப்பிடச் சொன்னார். நான் சமையலறையில் நின்று கூப்பிட்டேன். டேப்லெட்டில் பஸ்களின் வரைபடம் பெரிதாக விரிந்திருந்தது, பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் ஒரகடத்திலிருந்து பென்னலூர் பக்கமும் மண்ணூர் பக்கமும் ஊர்ந்துகொண்டிருந்தன. மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான். என்னை விரலால் தொட்டு மேல் மூலைக்கு இழுத்தார். கீழ் மூலைக்கு இழுத்தார். ஒரு பஸ்ஸை நான் மறைத்தபோது அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இனிமேல் நின்றுபோக மாட்டேன், பார், என்று அவர் கையை ஆட்டினார். அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சொன்னபடியே அவர் நின்றுபோகவில்லை. லாக்கர் அறையில் நான் போனைச் சாய்த்து வைத்ததும் அவர் வந்துவிடுவார். இடைவேளை முடியும் வரை அசைந்துகொண்டே இருப்பார். டிரைவர்கள் பழைய போனில் கூப்பிட்டார்கள், பஸ்கள் பெரிய திரையில் ஊர்ந்தன, நான் மூலையில் இருந்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பார்வை மட்டும் வேறு எங்கோ இருந்தது. காது போன பிறகு கண்ணை வைத்துத்தான் நான் உலகத்தை ஓட்டுகிறேன். ஒருவர் எங்கே பார்க்கிறார் என்பதை என்னிடம் மறைக்க முடியாது. அவர் கண்கள் இடது பக்கமாக, பஸ்கள் இருக்கும் பக்கமாக, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. தலை மட்டும் எனக்காக ஆடிக்கொண்டிருந்தது. போனில் பேசுகிறவர்கள் 'ம்' கொட்டுவது போல எங்களுக்குத் தலையாட்டல். ஆனால் 'ம்' சரியான இடத்தில் விழ வேண்டும். நான் மூச்சு வாங்குகிற இடத்தில் அவர் தலையாட்டினார்; முக்கியமான இடத்தில் சும்மா இருந்தார். நடுநடுவே கட்டை விரலை உயர்த்தி 'சரி' என்றார்.

ஒரு நாள் வேண்டுமென்றே, கேன்டீனுக்கு யானை வந்தது, சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனது என்றேன். கட்டை விரல். சரி. மறுநாள் அந்த யானையை எங்கள் லைனில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள் என்றேன். கட்டை விரல். எனக்குப் பக்கத்துப் பலகையில் வேலை செய்கிற தென்காசிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். காருக்குள் போகிற ஒயர்களைப் பலகையில் அடுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. என்னோடு இருந்து இருந்து என் கைப்பேச்சு அவளுக்கு முக்கால்வாசி புரியும். அவள் வடையை வாயில் வைத்தபடி இதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். யானைக்கு இன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே வருவாள். லாக்கர் அறைக்கே அது ஒரு தொடர்கதை ஆகிவிட்டது.

சிரித்துக்கொண்டிருந்த நான் எப்போது மற்றதைச் சொல்லத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் கை தானாக அவிழ்ந்துகொள்கிறது. பச்சை வெளிச்சத்தில் நின்று, மூலைக் கட்டத்துக்குள்ளிருந்து, அவரிடம் அதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னேன். மழை ஒரு காலத்தில் எனக்குச் சத்தமாக இருந்தது, இப்போது வெறும் கோடுகளாக இருக்கிறது என்றேன். எனக்கு ஞாபகம் இருக்கிற சத்தங்கள் வெயிலில் போட்ட துணி மாதிரி சாயம் போய்க்கொண்டிருக்கின்றன, குக்கர் விசில் எது, ரயில் விசில் எது என்று பிரிக்க முடியவில்லை என்றேன். உன் கை என் கன்னத்தில் பட்டு எத்தனை வாரம் ஆயிற்று தெரியுமா என்றேன். சொல்லச் சொல்லச் சுகமாக இருந்தது, ஏரிக்கரையில் நின்று தண்ணீரிடம் பேசுவது மாதிரி. அவர் தலையாட்டினார். கட்டை விரலை உயர்த்தினார். போனை லாக்கருக்குள் வைத்துப் பூட்டும்போதுதான் பழைய நாட்கள் ஞாபகம் வந்தன. பழைய போன் எங்களை நடுவில் வெட்டும். ஆனால் அதில் அவர் இருந்த நேரமெல்லாம் முழுதாக என்னிடம் இருந்தார். திரையில் நான் மட்டும்தான் இருந்தேன், வேறு வழியே இல்லை அவருக்கு.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவர் வேலை அப்படி. ஒரு பஸ் தாமதமானால் ஒரு ஷிப்டே தாமதமாகும். அந்த டேப்லெட்டைக் கேட்டு வாங்கியதில் எனக்கும் பாதிப் பங்கு. ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்றால் ஞாயிறும் ஓடி. இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சண்டை போடக்கூட நேரம் இல்லாத நிலை.

மழைக்காலம் வந்தது. அன்று காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சூப்பர்வைசர் என் பலகைக்கு வந்து, நான் வாயைப் பார்க்கும் வரை காத்திருந்து சொன்னார். "செகண்ட் ஷிப்ட்ல ஒரு இடம் காலியா கீது. நீதான் கேட்டுக்கினே இருந்த. வூட்ல கேட்டுக்கினு வந்து சொல்லு. பிரேக் முடிஞ்சதும் ஆபீஸ்ல சொல்லிடணும், இல்லாங்காட்டி வேற ஆளுக்குப் போய்டும்."

பெண்கள் ஷிப்ட் மாறினால் வீட்டில் கேட்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். ஆண் யாரையும் வீட்டில் கேட்டு வரச் சொல்லி நான் பார்த்ததில்லை. வேறு நாளாக இருந்தால் இதற்கே ஒரு சண்டை போட்டிருப்பேன். அன்றைக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. எனக்கே அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மழையில் தலையில் ஏப்ரனைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன்.

லாக்கர் அறையில் மழை வெளிச்சம் பச்சையும் சாம்பலுமாகக் கலங்கிக் கிடந்தது. பாட்டிலை வைத்தேன், போனைச் சாய்த்தேன், பின்னால் போய் நின்றேன். அவர் வந்தார். சாலையில் தண்ணீர் நிற்கிறது போலும், அவர் கண்கள் அங்கும் இங்கும் ஓடின, பழைய போன் காதில் இருந்தது. நான் சொன்னேன். இடம் கிடைத்துவிட்டது. இரண்டாம் ஷிப்ட். காலை முழுக்க நாம் ஒன்றாக இருக்கலாம். இப்போதே பதில் சொல்ல வேண்டும். போகட்டுமா? புருவத்தை உயர்த்தி, கேள்வியை நெற்றியிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் தலையாட்டினார். கட்டை விரல். சரி.

வீட்டில் கேட்டேன், சரி என்றார் என்று போய்ச் சொல்லிவிடலாம். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. தென்காசிப் பெண் சாட்சிக்கு நிற்பாள். காலைகள் எனக்குக் கிடைத்துவிடும். ஆனால் அந்தச் 'சரி' எனக்கு வேண்டாம். யானைக்குக் கொடுத்த அதே சரி அது. எங்கள் வாழ்க்கையை மாற்றுகிற ஒரு விஷயத்தை அவர் பார்க்காமலே ஒப்புக்கொள்ள நான் விட மாட்டேன் என்று ஒரு பிடிவாதம் எழுந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. பக்கவாட்டில் மூன்றடி நகர்ந்து, கேமராவுக்குத் தெரியாத இடத்தில், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன். அங்கிருந்து அவர் என் போனில் தெரிந்தார். அவருக்கு நான் தெரிய மாட்டேன். வெறும் லாக்கர் கதவுகள்தான் தெரியும்.

அவர் லாக்கர் கதவுகளைப் பார்த்துத் தலையாட்டினார். டிரைவரிடம் ஏதோ சொன்னார், திரும்பினார், மறுபடி தலையாட்டினார். கட்டை விரலை உயர்த்தினார். அந்த இரும்புக் கதவுகளிடம், எனக்குத் தருகிற அதே புன்னகையோடு, சரி என்றார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தென்காசிப் பெண்ணைப் பார்த்தேன்; அவள் சிரிக்கவில்லை. அப்புறம் எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் நான் அங்கே நின்றதற்கும் நிற்காததற்கும் வித்தியாசம் இல்லை என்று நினைத்தபோது தாங்கவில்லை.

அவர் எப்போது கவனித்தார் என்று சொல்ல முடியவில்லை. தலையாட்டல் பாதியில் நின்றது. இந்தத் தடவை படம் நின்றுபோகவில்லை, அவர்தான் நின்றார். கண்கள் இடப்பக்கத்திலிருந்து மெல்ல வந்து நேராக நிலைத்தன. பழைய போனைக் காதிலிருந்து எடுத்து எங்கோ வைத்தார். டேப்லெட்டை இரண்டு கைகளாலும் தூக்கி முகத்துக்கு அருகே கொண்டுவந்து, உள்ளே விழுந்த சாமானைத் தேடுவது போல அதற்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு கையிலும் டேப்லெட் இருந்தால் எப்படிப் பேசுவார்? வாய் திறந்தது. என் பெயருக்கு உதடுகள் எப்படிக் குவியும் என்று எனக்குத் தெரியும்.

அறையில் இருந்த அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். வடை கடித்த வாயோடு, காதில் இடுக்கிய போனோடு, என் போன் இருந்த பக்கம். அவ்வளவு சத்தமாக இருந்திருக்க வேண்டும். தென்காசிப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்து உலுக்கினாள். "எக்கா, ஒங்களத்தான் கூப்புடுதாரு! தொண்ட கிழியுது. போங்க!"

நான் திரைக்குள் போய் நின்றதும், என்ன சொன்னாய், முதலிலிருந்து சொல் என்று அவர் கேட்டதும், நான் சொல்லி முடிப்பதற்குள் டேப்லெட்டை மேஜையில் போட்டுவிட்டு மண்ணூர்க் கைகளால் வா, வா என்று வீசியதும் பிறகு நடந்தவை. இப்போது காலைகள் எங்களுடையவை. தவணை இன்னும் முடியவில்லை. அதற்குள் அடுத்த மாடல் வந்துவிட்டது என்று கடைக்காரர் செய்தி அனுப்பியிருக்கிறார்.

ஆனால் நான் திரைக்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன நேரம் இருந்தது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தென்காசிப் பெண் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது கேட்காது என்பதையே மறந்துவிட்டு அவர் வாயைத் திறந்துகொண்டிருந்தார். நான் அவள் கையை விலக்கிவிட்டு, இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று சுவரோடு ஒட்டியே நின்றேன். எல்லாரும் மறுபடியும் திரும்பினார்கள்.